புதுப்பிப்பு: படகுக் கூலிக்குப் பற்றுச்சீட்டு

கடற்புல் கணக்கெடுப்புக்குப் படகு தரும் தொழிலாளர்களிடம் பற்றுச்சீட்டு இல்லை, நிதி வழங்குநரோ அச்சிட்ட பில் கேட்கிறார், என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். வழி பிறந்துவிட்டது.

கொடுப்பனவுச் சீட்டை நாங்களே அச்சடித்தோம். படகின் பதிவு இலக்கம், புறப்பட்ட துறை, மண்ணெண்ணெய் எத்தனை லீற்றர், கூலி, படகோட்டியின் கையொப்பம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரையும் வேண்டும் என்று இங்கே ஒருவர் சொன்னதுதான் காரியத்தை முடித்தது, அவருக்கு நன்றி. எரிபொருள் நிலையப் பில்லைச் சீட்டுடன் இணைக்கிறோம். வழங்குநர் ஏற்றுக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தின் குருநகரிலும் மண்டைதீவிலும் கூலியை அன்றன்றே சில்லறைக் காசிலிருந்து கொடுக்கிறோம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடலுக்குப் போகாத நாளில் அவர்கள் வீட்டில் வருமானம் இல்லை. காசோலைக்காகக் காத்திருக்கச் சொல்வது அநியாயம். கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடி இலங்கையில் 2017 முதல் சட்டப்படி தடை. ஆனாலும் அது கடற்புல்லை வேரோடு வாரிச் செல்வதை நேரில் கண்டு சொல்பவர்கள் இவர்களே. கடற்பசு மேய்வதும் அந்தப் புல்லைத்தான்.

நாணய மாற்று வித்தியாசத்தை எந்தத் தலைப்பில் பதிவது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. கணக்காய்வு அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.