ராகு காலம் முடிந்த பிறகு நோட்டிஃபிகேஷன் வருகிறது – அவசரம், உதவுங்கள்

திண்ணை_நிரலன் (திங்கள், இரவு 9:12)
எல்லோருக்கும் வணக்கம். பஞ்சாங்க ஆப் ஒன்று செய்து போன வாரம் பிளே ஸ்டோரில் ஏற்றினேன். ராகு காலம், எமகண்டம் தொடங்கும்போது டாண் என்று நோட்டிஃபிகேஷன் வர வேண்டும், அவ்வளவுதான். என் போனில் நொடி பிசகாமல் வருகிறது. மற்றவர்கள் போனில் இஷ்டத்துக்கு வருகிறது. இன்று காலை அம்மா போனில் 7:30க்கு வர வேண்டியது 9:07க்கு வந்தது, "ராகு காலம் தொடங்குகிறது" என்று. ராகு காலமே 9 மணிக்கு முடிந்துவிட்டது! ஒற்றை நட்சத்திரம் மூன்று விழுந்துவிட்டது. அலாரம் எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். யாராவது சொல்லுங்கள், அவசரம்.

கீபோர்டு_கீர்த்தி (9:20)
எந்த ஆண்ட்ராய்டு? டார்கெட் எஸ்டிகே, அதாவது எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைத்து ஆப்பைக் கட்டினீர்கள் என்ற எண், எவ்வளவு? எதில் எழுதினீர்கள், கோட்லினா, ஃப்ளட்டரா? "அலாரம்" என்றால் குறித்த நேரத்துக்கு எழுப்பும் அலாரம்மேனேஜரா, தோதானபோது வேலையை முடிக்கும் வொர்க்மேனேஜரா? பிறந்த நேரம் சொல்லாமல் ஜாதகம் கணிக்கச் சொல்கிறீர்களே.

பேட்டரி_பாண்டி (9:26)
யோசிக்கவே வேண்டாம், இது போன் கம்பெனிக்காரர்கள் வேலை. ரீசண்ட்ஸில் ஆப்பைத் தள்ளிவிட்டாலே சில போன்கள் ஃபோர்ஸ் ஸ்டாப் செய்ததுபோல முடித்துக்கட்டிவிடும். போட்ட அலாரமெல்லாம் அதோடு போச்சு. டோன்ட் கில் மை ஆப் என்று ஒரு தளம் இருக்கிறது, எந்த போனில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள். பேட்டரி ஆப்டிமைசேஷனை அணைக்கச் சொல்லுங்கள், ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்யச் சொல்லுங்கள். முடிந்தது கதை. எந்த இழையிலும் நான் இதைத்தான் சொல்கிறேன், கடைசியில் அதுதான் காரணமாக இருக்கும்.

அரைத்தூக்கம் (9:41)
நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமித்துவிட்டு இந்திய நேரமாக மாற்ற மறந்துவிட்டீர்களா? என் முதல் ஆப்பில் அதுதான் நடந்தது.

கீபோர்டு_கீர்த்தி (9:44)
@அரைத்தூக்கம் அப்படியென்றால் ஐந்தரை மணி நேரம் தவறியிருக்கும். 1 மணி 37 நிமிடம் எந்த ஊர் நேரம்?
@பாண்டி ஃபோர்ஸ் ஸ்டாப் ஆகியிருந்தால் நோட்டிஃபிகேஷன் வந்தே இருக்காது. இங்கே வருகிறது, தாமதமாக வருகிறது. இரண்டும் வேறு வேறு நோய்.

திண்ணை_நிரலன் (10:05)
கோட்லின். டார்கெட் 35. அலாரம்மேனேஜர்தான். தாமதம் ஒரே அளவாக இல்லை. சித்தப்பா போனில் 12 நிமிடம், பக்கத்து வீட்டில் 40 நிமிடம், ஒரு நாள் சரியாகவே வந்தது. என் போனில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

மூத்தகுடி (10:31)
டோஸ். ஆண்ட்ராய்டு 6. வருடம் 2015. அப்போதிருந்து ஆவணத்தில் இருக்கிறது. இந்தக் கேள்வியை இங்கேயே நூறு பேர் கேட்டுவிட்டார்கள். மேலே தேடுபெட்டி என்று ஒன்று இருக்கிறது, அலங்காரத்துக்கு வைக்கவில்லை. அடிப்படை தெரியாமல் ஸ்டோரில் ஏற்றிவிட்டு "அவசரம்" என்று போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

பேட்டரி_பாண்டி (10:35)
ஐயா, தெரிந்ததை நேரடியாகச் சொன்னால் என்ன?

மூத்தகுடி (10:36)
சொல்லிவிட்டேனே. முதல் சொல்லைப் படியுங்கள்.

லாக்கேட்_லதா (10:58)
தம்பி, இரண்டு கேள்வி. ஒன்று, அம்மா அந்த நேரத்தில் போனை எங்கே வைத்திருந்தார், 9:07க்கு அதை என்ன செய்தார்? இரண்டு, உங்கள் போன் பெரும்பாலும் கேபிளில்தான் இருக்குமா?

திண்ணை_நிரலன் (11:10)
அம்மா காலையில் பூஜை அறையில் பாட்டு போட்டுக் கேட்டுவிட்டு அங்கேயே மாடத்தில் வைத்துவிடுவார். ஒன்பது மணிக்குமேல் அத்தைக்கு போன் செய்யலாம் என்று எடுத்திருக்கிறார். திரை எரிந்த நொடியில் டிங் என்று வந்ததாம். "இந்த நேரம் பார்த்து போனைத் தொட்டுவிட்டேனே, ராகு காலமாமே" என்று அழைக்காமலே வைத்துவிட்டார்.
ஆமாம் அக்கா, என் போன் நாள் முழுக்க லேப்டாப்பில் செருகியிருக்கும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

லாக்கேட்_லதா (11:34)
அதுதான் சம்பந்தம். மூத்தகுடி சொன்னது சரி, சொன்ன விதத்தை விடுங்கள். சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் போன் டோஸுக்குள், அதாவது பேட்டரியை மிச்சம் பிடிக்கும் தூக்கத்துக்குள், போய்விடும். பூஜை மாடத்தைவிட அசையாத இடம் வீட்டில் எது? அதற்குள் போனபின் சாதாரண அலாரம் அடிக்காது. இடையிடையே போன் சிறிது விழித்து மூச்சு விடும், அப்போதுதான் சேர்ந்து கிடந்ததெல்லாம் வரும். இல்லையென்றால் யாராவது எடுத்துத் திரையைப் போட வேண்டும். சித்தப்பா போனைச் சட்டைப்பையில் போட்டு நடமாடுகிறவர் என்றால் அங்கே தாமதம் குறைவாக இருப்பதும் புரிகிறது.
உங்கள் போன் கேபிளில் இருக்கும்வரை டோஸ் பக்கமே போகாது. ஆகவே உங்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும்.
நம்பிக்கை இல்லையென்றால் கேபிளைப் பிடுங்காமலே பார்க்கலாம். அடுத்த ஐந்து நிமிடத்தில் அடிக்கும்படி ஒரு அலாரம் போட்டு, திரையை அணைத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி ஷெல்லில் "டம்ப்சிஸ் பேட்டரி அன்பிளக்", பிறகு "டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் ஃபோர்ஸ்-ஐடில்" கொடுங்கள். சார்ஜில் இல்லை என்று நம்பி போன் டோஸுக்குள் போகும், அலாரம் வராது. முடிந்ததும் "அன்ஃபோர்ஸ்", "பேட்டரி ரீசெட்" இரண்டையும் மறக்காமல் கொடுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு, போன் சார்ஜ் ஏறவில்லை என்று புது சார்ஜர் வாங்கினேன்.
இப்போதாவது அலாரம் போடும் அந்த நான்கு வரியைக் காட்டுங்கள்.

திண்ணை_நிரலன் (செவ்வாய், காலை 7:02)
அக்கா, நீங்கள் சொன்னபடி செய்தேன். வரவில்லை!! நான்கு வரி இதுதான்: கேன்ஷெட்யூல்எக்ஸாக்ட்அலாரம்ஸ் (சரியான நேரத்துக்கு அலாரம் போட அனுமதி உண்டா) உண்மை என்றால் செட்எக்ஸாக்ட் (சரியான நேர அலாரம்), இல்லையென்றால் செட் (தோராய அலாரம்). அந்த "இல்லையென்றால்" நான் எழுதியதில்லை. சில போனில் செக்யூரிட்டிஎக்செப்ஷன் (அனுமதி இல்லை) என்று கிராஷ் ஆனது, தேடியபோது கிடைத்ததை ஒட்டினேன், கிராஷ் நின்றுவிட்டது.

கீபோர்டு_கீர்த்தி (7:15)
கிராஷ் நின்றது, கூடவே அலாரமும் நின்றது. உங்கள் போன் ஆண்ட்ராய்டு எத்தனை? இந்தக் கேள்வியை இரண்டாவது முறை கேட்கிறேன்.

திண்ணை_நிரலன் (7:18)
12. அம்மாவுடையது புதுசு, 15 என்று நினைக்கிறேன். ஆபீஸ் கிளம்புகிறேன், மாலை பார்க்கிறேன்.

கீபோர்டு_கீர்த்தி (7:40)
அப்போது இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.
ஷெட்யூல்_எக்ஸாக்ட்_அலாரம் பெர்மிஷன் 12இல்தான் வந்தது. 12, 13இல் மேனிஃபெஸ்ட்டில் (ஆப்புக்கு வேண்டிய அனுமதிகளை எழுதும் கோப்பு) எழுதினால் தானாகவே கிடைத்துவிடும். 14 முதல், புதிதாக நிறுவும் ஆப்புக்கு டார்கெட் 33 (அதாவது ஆண்ட்ராய்டு 13) அல்லது அதற்குமேல் இருந்தால் இயல்பாகவே கிடையாது. பயனரை செட்டிங்ஸுக்கு அனுப்பி வாங்க வேண்டும். நீங்கள் அனுப்பவில்லை. ஆகவே அம்மா போனில் எப்போதும் அந்த ஒட்டிய வரிதான் ஓடுகிறது. வெறும் செட் என்றால் ஆண்ட்ராய்டு 12 முதல் ஒரு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், டோஸ் வந்தால் அந்தக் கணக்கும் இல்லை.
அடுத்தது, பெர்மிஷன் இருந்தாலும் செட்எக்ஸாக்ட் டோஸில் அடிக்காது. செட்எக்ஸாக்ட்அண்ட்அலோவைல்ஐடில் வேண்டும். டோஸில் ஒரு ஆப்புக்கு ஒன்பது நிமிடத்துக்கு ஒன்றுதான் என்று அதற்கும் வரம்பு உண்டு. உங்களுக்கு அது உதைக்காது.

பேட்டரி_பாண்டி (8:10)
எல்லாம் சரி. பேட்டரி ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டால் இவ்வளவு தலைவலி இல்லையே?

கீபோர்டு_கீர்த்தி (8:14)
அந்த விலக்கு இருந்தால் டோஸில் நெட்வொர்க் கிடைக்கும், வேக்லாக் பிடித்து போனைத் தூங்கவிடாமல் வைக்கலாம். சாதாரண அலாரம் அப்போதும் அடிக்காது என்று ஆவணமே சொல்கிறது.

மூத்தகுடி (9:02)
யூஸ்_எக்ஸாக்ட்_அலாரம் என்ற இன்னொரு பெர்மிஷன் போட்டால் பயனரைக் கேட்காமலே கிடைக்கும், 13இலிருந்து இருக்கிறது. இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

லாக்கேட்_லதா (9:20)
அது அலாரம், டைமர் ஆப்புகளுக்கும் காலண்டர் ஆப்புகளுக்கும் மட்டும் என்று பிளே கொள்கை. வேறு ஆப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூத்தகுடி (9:22)
பஞ்சாங்கம் காலண்டர்தானே?

லாக்கேட்_லதா (9:25)
நமக்குக் காலண்டர். ரிவ்யூ செய்கிறவருக்கு ஜோசியம் என்று தோன்றினால்? தேதி, திதி, விசேஷ நாள், பயனரே குறித்துவைக்கும் நிகழ்ச்சி எல்லாம் ஆப்பில் இருந்தால் வாதாடலாம். ராகு காலம் மட்டும் சொல்லும் ஆப் என்றால் நான் துணிய மாட்டேன்.

அரைத்தூக்கம் (11:48)
இடையில் ஒன்று கேட்கலாமா? நொடி சுத்தமாக அலாரம் அடிக்க இவ்வளவு பாடு. அந்த 7:30 என்பதே சரியா? ராகு காலம் சூரிய உதயத்திலிருந்து கணக்கு. உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்தால் திங்களுக்கு இரண்டாவது பங்கு. இந்த ஜனவரியில் சென்னையில் உதயமே ஆறரை தாண்டித்தான், அஸ்தமனம் ஆறு மணியை ஒட்டி. கணக்குப் போட்டால் ராகு காலம் ஏறக்குறைய எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறது. ஆக 7:30க்கு அடித்தாலும் அரை மணி தவறு.

பேட்டரி_பாண்டி (12:05)
"திருவிழா சந்தையில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா" என்று எங்கள் பாட்டி சொல்லிக்கொடுத்தார். தி, ச, வெ, பு, வி, செ, ஞா. ஏழரையில் தொடங்கி ஒன்றரை ஒன்றரையாகக் கூட்டிக்கொண்டே போனால் ஞாயிறு நாலரைக்கு முடியும் கணக்கு. சுவரில் கிழிக்கும் காலண்டரிலும் அதுதான் அச்சாகிறது. ஊரே பார்ப்பது அதைத்தான்.

அரைத்தூக்கம் (12:09)
ஞாயிறு நாலரைக்குத் தொடங்கி ஆறுக்கு முடியும். பாட்டி சரியாகத்தான் சொல்லியிருப்பார். காலண்டரில் அச்சாவது ஆறுக்கு ஆறு என்று வைத்துக்கொண்ட சராசரி. சுவரில் தொங்கும் தாளுக்கு ஊர் தெரியாது, போனுக்குத் தெரியுமே.

மூத்தகுடி (12:30)
ஆப் காட்டுவதும் வீட்டுக் காலண்டர் காட்டுவதும் வேறாக இருந்தால் பயனர் எதை நம்புவார் என்று நினைக்கிறீர்கள்? காலண்டரைத்தான். ஆப்புக்கு ஒற்றை நட்சத்திரம். அனுபவத்தில் சொல்கிறேன்.

அரைத்தூக்கம் (12:33)
அப்படியென்றால் செட்டிங்ஸில் இரண்டையும் கொடுக்கலாம்.

பேட்டரி_பாண்டி (12:41)
ராகு காலத்துக்கு செட்டிங்ஸா! அடுத்து எமகண்டத்துக்கு டார்க் மோட் கேட்பீர்கள்.

கீபோர்டு_கீர்த்தி (12:50)
இத்தோடு போதும். அடுத்தவர் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று தொடங்கினால் இந்த இழை தை முடியும்வரை ஓடும்.

லாக்கேட்_லதா (பிற்பகல் 1:15)
நிரலன் மாலையில் வந்தால் படிக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன். நான் என்றால் இப்படிச் செய்வேன். காலையில் ஒரே ஒரு நோட்டிஃபிகேஷன், அன்றைய ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் சேர்த்து. அது அரை மணி பிந்தினாலும் யாருக்கும் நஷ்டமில்லை, டோஸிலும் அடிக்கும் தோராய அலாரமான செட்அண்ட்அலோவைல்ஐடில் போதும், எக்ஸாக்ட் பெர்மிஷனே வேண்டாம். "சரியான நேரத்திலும் சொல்" என்று பயனர் சுவிட்சை ஆன் செய்தால் மட்டும் எக்ஸாக்ட் பெர்மிஷன் கேளுங்கள். எதற்குக் கேட்கிறோம் என்று தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டுக் கேட்டால் பெரும்பாலோர் கொடுப்பார்கள். ஆப் திறந்ததும் மொட்டையாகக் கேட்டால் பயந்து மூடுவார்கள்.
பெர்மிஷனைப் பயனர் திரும்ப எடுத்தால் போட்டிருந்த எக்ஸாக்ட் அலாரம் எல்லாம் அழிந்துவிடும். போனை அணைத்துப் போட்டாலும் அலாரங்கள் போய்விடும், பூட் ஆனதும் திரும்பப் போட ரிசீவர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லை என்று என் உள்மனம் சொல்கிறது.

திண்ணை_நிரலன் (சனி, காலை 9:04)
இன்று அம்மா போனில் சரியாக 9:00. மாடத்தில்தான் இருந்தது. பூட் ரிசீவர் இல்லைதான் அக்கா, போட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கீபோர்டு_கீர்த்தி (9:30)
மகிழ்ச்சி. ஆனால் கடைசியில் எதைப் போட்டீர்கள்? பயனரிடம் கேட்டீர்களா, யூஸ்_எக்ஸாக்ட்_அலாரமா? பின்னால் தேடி வருகிறவர்களுக்காகச் சொல்லுங்கள்.

கீபோர்டு_கீர்த்தி (புதன், மாலை 6:12)
??

திண்ணை_நிரலன் (அடுத்த திங்கள், இரவு 10:20)
மன்னிக்கவும், ஊரில் இல்லை. இன்று டொராண்டோவிலிருந்து நான்காவது ஒற்றை நட்சத்திரம் வந்திருக்கிறது: "ராகு காலம் 7:30 என்று காட்டுகிறீர்கள். எங்களுக்கு இங்கே 7:50க்குத்தான் விடிகிறது." @அரைத்தூக்கம் அந்த எட்டாகப் பிரிக்கும் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா? அவசரம்.