மஞ்சளடிச்ச ஹெட்லைட் டூம்: நான் பாத்த வைத்தியங்கள்

என் வண்டி 2010 மாடல். வீடு மன்னார்குடி, வேலை நாகப்பட்டினம். ஷெட்டு கிடையாது, ரெண்டு ஊர்லயும் வெயில்லதான் நிக்கும். ஹெட்லைட்டு மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைத்தான் டூம்னு சொல்றேன். அது ரெண்டும் மஞ்சளடிச்சு, மேல்பாதி தொட்டா சொரசொரன்னு இருந்துச்சு. பல்பு நல்லாத்தான் எரியுது, ரோட்டுல வெளிச்சம் விழல. எதிர்ல வர்றவனுக்குத்தான் கண்ணு கூசுது.

தை மாசம் நம்ம பக்கம் ராத்திரியில ஓட்டுறவங்களுக்கு இதோட கஷ்டம் தெரியும். பாதி ரோட்டுல நெல்லைக் கொட்டி, தார்ப்பாயால மூடி, சுத்திக் கருங்கல்லை வெச்சிருப்பாங்க. பின்னாடி லைட்டே இல்லாத டிராக்டர் வைக்கோலை ஏத்திக்கிட்டு ஆடி ஆடிப் போகும். கிட்ட போனப்புறம்தான் தெரியும்.

விசாரிச்சா ஆளுக்கொரு வைத்தியம். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆகும், கொஞ்ச வாரத்துல பழையபடி ஆயிடும். டீட்ங்கிற ரசாயனம் கலந்த கொசு விரட்டியைத் தேய்ச்சா அது பிளாஸ்டிக்கோட மேல்தோலையே கரைக்கும். அது வழிஞ்சு பெயிண்ட்ல பட்டா அதுவும் போச்சு.

கும்பகோணம் ரோட்டுல ஒருத்தர் சின்ன கப்புல ஏதோ திரவத்தைச் சூடாக்கி, அந்த ஆவியை டூம்ல காட்டிக்கிட்டு இருந்தார். "அஞ்சு நிமிஷம் சார், புது டூம் மாதிரி ஆயிடும்"னார். ஆனதும் உண்மைதான், கண்ணு முன்னாடியே தெளிஞ்சது. ஆனா அந்த இனிப்பு வாடை எனக்குப் பிடிக்கல. குளோரோஃபார்ம் வகையறாதான் இந்த வேலைக்குப் போடுறது. மூச்சுல போனா கெடுதல், பிளாஸ்டிக்கையும் விடாது. பக்கத்து வீட்டு அண்ணன் இப்படிப் பண்ணின டூம்ல இப்ப மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடுது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுக்கவும் முடியாது.

கடைசில எங்க ஊர்ப் பட்டறையில ஒரு வயசான பெயிண்டர்கிட்ட விட்டேன். டூம் பாலிகார்பனேட், அதுமேல கம்பெனியிலயே ஒரு பூச்சு வரும், வெயில்ல வெந்து போறது முதல்ல அந்தப் பூச்சுதான்னு விளக்கினார். அம்பாசடர் காலத்துல கண்ணாடி, அதனால இந்தத் தொல்லை இல்ல.

சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணி விட்டு 800 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சார். முதல்ல மஞ்சத் தண்ணி வழிஞ்சது. "தம்பி, இது நின்னு வெள்ளைத் தண்ணி வரணும். அதுவரைக்கும் அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது"னார். அப்புறம் 1200, 2000, 3000. ஒரு நம்பர் படுக்கையா, அடுத்தது நெட்டுக்க. அப்பத்தான் முந்தின கோடு போயிடுச்சான்னு தெரியுமாம். பாதியில பாத்தா டூம் முன்னைவிட மோசமா, பால் ஊத்தின மாதிரி இருக்கும். பயப்படாதீங்க. கடைசியா ரப்பிங் காம்பவுண்ட்னு ஒரு பசை வெச்சு பஃபிங், அதாவது மிஷின்ல பாலிஷ், மிஷினை மெதுவா விட்டு. வேகமா விட்டா சூட்டுல பிளாஸ்டிக் இளகிடும்.

நிறைய பேர் இதோட நிறுத்திடுறாங்க. எனக்குத் தெரிஞ்சு தப்பு நடக்கிறதே இங்கதான். பழைய பூச்சை எடுத்தாச்சு, வெறும் பிளாஸ்டிக்கை வெயில்ல காட்டினா சில மாசத்துல மறுபடி மஞ்சள்தான். யூவி (வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்) தாங்குற டூ-கே கிளியர், அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கிற நிறமில்லாத பூச்சு, அடிச்சே ஆகணும். அடிக்கிறவர் நல்ல மாஸ்க் போட்டிருக்கணும், அதுல கலக்குற ஹார்ட்னர் நுரையீரலுக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை ஈரக் காத்துல இந்த வேலையை வெச்சுக்காதீங்க, கிளியர் வெளுத்துப் பூத்துடும். நான் மாசி வெயில்ல பண்ணினேன்.

ஒரு விஷயம் முன்னாடியே பாத்துக்குங்க. உள்பக்கம் ஈரம் கோத்து மங்கியிருந்தா வெளியில எவ்வளவு தேய்ச்சும் பிரயோஜனம் இல்ல. அது சீல், காத்து ஓட்டை சம்பந்தப்பட்டது.

அப்புறம், அறுப்பு சமயத்துல தத்துப்பூச்சி டூம்ல அப்பிக்கிட்டா காஞ்ச துணியால பரபரன்னு துடைக்காதீங்க. ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் மேல போட்டு வெச்சா தானா வந்துடும்.