காட்டுத்தீயை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்: பணத்தை ஹெலிகாப்டரில் போடுவதா, தீக்கோட்டில் போடுவதா?

மலையோரத்தான் (போடி)

தை பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லார் கண்ணும் ஒரு தடவை மலைப்பக்கம் போய்வரும். பகலில் புகை, ராத்திரியில் மலைக்குச் சிவப்பு மாலை போட்டது போல நெருப்பு வரிசை. சின்ன வயதில் அதை அழகென்று நினைத்து மொட்டை மாடியில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். 2018க்குப் பிறகு அப்படிப் பார்க்க முடியவில்லை.

அந்த வருஷம் மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினார்கள். 23 உயிர் போனது. முதலில் மேலே ஏறியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் இருட்டிய பிறகு அந்தச் சரிவில் ஏறி இறங்கியது மனிதக் கால்கள்தான். போர்வையிலும் டோலியிலும் தூக்கி வந்தார்கள்.

நான் எழுத வந்தது வேறொரு தீ. செய்தியில் வராதது. சில வருஷங்களுக்கு முன், மாசி மாதம், எங்கள் மாந்தோப்புக்கு மேலே உள்ள சரிவில் பிடித்தது. மத்தியானம் மூன்று மணி. தோப்பில் நாங்கள் நாலு பேர். தகவல் கிடைத்து வனத்துறை வாட்சர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவருக்கு அறுபதை நெருங்கிய வயது, காலில் ரப்பர் செருப்பு. கையில் கொத்தரிவாள், தோளில் அரை பாட்டில் தண்ணீர். அவ்வளவுதான் அன்றைக்கு எங்களிடம் இருந்த தீயணைப்புப் படை.

நான் பதறிப்போய் மேட்டுப்பக்கம் ஓடப் பார்த்தேன். பெரியவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, தீ மேலதான் ஏறும். நீ ஏறுறதுக்கு முன்னால அது ஏறிரும். பக்கவாட்டுல வா" என்றார். எரிந்து முடிந்த கரிக்காட்டுக்குள் எங்களைக் கூட்டிப் போய் நிறுத்தினார். தரை சூடாகத்தான் இருந்தது. ஆனால் எரிய அங்கே ஒன்றும் மிச்சமில்லை, அதனால் அதுதான் பத்திரமான இடம். சரிவில் தீ ஏன் அவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சுவாலை மேட்டுப்பக்கம் சாய்ந்து, அடுத்த புல்லைத் தொடுவதற்கு முன்பே காய்ச்சிவிடுகிறது. பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வீசும். போதைப்புல் வேறு, எண்ணெய் உள்ள புல். பிடித்தால் சடசடவென்று போகும்.

பொழுது சாயும்வரை அவர் தீயைத் தொடவே இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. காற்று இறங்கியதும் எழுந்தார். ஒரு பழைய மாட்டுத்தடத்தைப் பிடித்து, சருகை இரு பக்கமும் கூட்டி ஒதுக்கச் சொன்னார். அந்தத் தடத்திலிருந்து உள்பக்கமாக எதிர்த்தீ வைத்தார். வருகிற தீக்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் செய்வதுதான் கணக்கு. காற்றின் போக்குத் தெரியாத ஆள் அதைச் செய்தால் ஊரே எரியும்.

ஓரத்துத் தீயை நாங்கள் பச்சைத் தழையால் அணைத்தோம். நான் துணி துவைப்பது மாதிரி ஓங்கி அடித்தேன். "அடிச்சா கங்கு பறக்கும். தோளுக்கு மேல தழையத் தூக்காத. அமுக்கி இழு" என்றார். அப்படிச் செய்த பிறகுதான் அடங்கியது. மூங்கில் கணுக்கள் வெடிக்கிற சத்தம் துப்பாக்கி போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு முடிந்தது என்று வீட்டுக்கு வந்தோம். விடிகாலையில் ஒரு கட்டை கனன்றபடியே உருண்டு, கீழே எரியாமல் கிடந்த பகுதியில் மறுபடி பிடித்துவிட்டது. மறுபடி ஏறினோம்.

அன்றைக்குக் கஞ்சி குடிக்கும்போதுதான் பெரியவர் சொன்னார், சம்பளம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு என்று. தீக்கோடு என்றால் தீ தாண்டாமலிருக்கப் புல்லையும் சருகையும் செதுக்கி வெறும் தரையாக விடும் பட்டை. அவர் வெட்டியிருக்க வேண்டிய தீக்கோட்டுக்கும் அந்த வருஷம் ஆள் கிடைக்கவில்லை. மார்கழி, தையில் அந்தக் கோட்டைச் செதுக்கிச் சுத்தம் செய்திருந்தால் தீ அதைத் தாண்டியிருக்காது என்றே நம்புகிறேன். அதனால்தான் தலைப்பில் இந்தக் கேள்வியைப் போட்டேன். என் பதில் தீக்கோடு. மற்றவர்கள் எழுதுங்கள்.

குன்னூர்க்காரி

அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒரு வரியும் தப்பில்லை. ஆனால் ஹெலிகாப்டரை இப்படி ஒதுக்காதீர்கள். 2024 மார்ச்சில் எங்கள் பக்கம் ஃபாரஸ்ட்டேல் பகுதியில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. வீட்டு ஜன்னலைத் திறக்க முடியாது. துணி காயப்போட்டால் சாம்பல். என் மாமியாருக்கு இளைப்பு உண்டு, அவரைக் கோயம்புத்தூரில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

கீழே ஆட்கள் பகலும் இரவும் போராடினார்கள். ஆனாலும் சில மடிப்புகளில் நின்று வேலை செய்ய இடமே கிடையாது, செங்குத்துப் பாறை. கடைசியில் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்தது. அடியில் பெரிய பை தொங்கும், பாம்பி பக்கெட் என்கிறார்கள். ரேலியா அணையில் மொண்டு மொண்டு வந்து ஊற்றியது. 16,000 லிட்டருக்கு மேல் ஊற்றியதாகச் சொன்னார்கள். அந்தச் சத்தம் கேட்டபோது நான் அழுதேன். யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற நினைப்பே அப்போது பெரிய விஷயம்.

இன்னொன்று. எங்கள் மலையில் தீயின் கதை மார்ச்சில் ஆரம்பிப்பதில்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல்லைக் கருக்கிவிடும். பார்க்கிறவர்கள் பனியைப் படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு அது விறகு காய்கிற காலம்.

மலையோரத்தான் (போடி)

உங்கள் கண்ணீரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது, அம்மா. ஆனால் கணக்கு ஒன்று பாருங்கள். 16,000 லிட்டர் என்றால் பட்டணத்தில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக்கு ஒன்றேகால் லாரிக்குக் கொஞ்சம் மேல். அதற்கு ஒரு ஹெலிகாப்டர், எரிபொருள், பக்கத்தில் நிரம்பிய அணை, புகையில்லாத வானம் எல்லாம் வேண்டும். தண்ணீர் விழுந்த இடத்திலும் கீழே ஆள் போய்க் கனலைக் கிளறி அணைக்காவிட்டால் மறுநாள் புகையும்.

குன்னூர்க்காரி

அந்த ஒன்றேகால் லாரி அந்தச் சரிவுக்கு ஏறாது, அண்ணா. அதுதான் என் கட்சி. தீ குடியிருப்பை நோக்கி வரும்போது நேரத்தை வாங்கித் தர வேறு வழி இல்லாத இடங்கள் இருக்கின்றன. ஆனால் முதல் ரூபாய் எதற்கு என்று கேட்டால், தீக்கோட்டுக்கும் ஆளுக்கும்தான். அதில் எனக்கும் மறுப்பில்லை.

தாளவாடியான்

எங்கள் பக்கம் சோளகர் என்ற பழங்குடி மக்களின் ஊர்கள் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையிலும் அவர்கள்தான். அங்கே பெரியவர்கள் 'தரகு பெங்கி' என்பார்கள், சருகுத்தீ என்று அர்த்தம். வருஷத் தொடக்கத்தில், தரையில் ஈரம் முழுசாக வற்றாத நாளில், சருகை மட்டும் மெல்ல எரிய விடுவது. முழங்கால் உயரம்கூட எழும்பாத தீ. வெயில் காலம் வரும்போது பெரிய தீக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. 1970களில் சரணாலயம் வந்ததும் இது குற்றமானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சரணாலயத்தில் தீ வைப்பதைத் தடுக்கிறது.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். "உண்ணி வந்துச்சு" என்றார். உண்ணிச்செடி. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக ஓடின இடத்தில் இன்றைக்கு ஆனை நின்றால்கூடத் தெரியாது, அவ்வளவு புதர். தரையில் போகிற தீக்கு அந்தப் புதர் ஏணி. அதைப் பிடித்துத்தான் மரத்தின் தலைக்கு ஏறுகிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்தபோது, இங்கேயும் வந்துவிடுமோ என்று நாங்கள் பல ராத்திரி தூங்கவில்லை. அங்கேயும் விமானப்படை ஹெலிகாப்டர் கொண்டுவந்துதான் தண்ணீர் ஊற்றினார்கள்.

என் கருத்து, தீக்கோடு மட்டும் போதாது. கோட்டுக்கு உள்ளே மலை மாதிரிச் சேர்ந்து கிடக்கிற சருகையும் புதரையும் என்ன செய்யப் போகிறோம்?

சோலைக்குருவி

தாளவாடி நண்பருக்கு, மரியாதையோடு ஒரு எச்சரிக்கை. காட்டுயிர் படித்தவள் நான். சருகுத்தீ இலையுதிர் காட்டுக்குப் பொருந்தலாம். அதையே சோலைக்காட்டில், அதாவது மலை உயரத்து மடிப்புகளில் வளரும் பசுமைமாறாக் காட்டில், செய்தால் அழிவு. சோலை மரங்கள் தீயோடு பழகியவை அல்ல, ஒருமுறை எரிந்தால் அந்த இடத்தை மீட்க மனித ஆயுள் போதாது. கொடைக்கானலில் பைனும் சீகை மரமும் நட்ட இடங்கள் இன்னொரு கதை. 2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பல நாள் எரிந்ததே, அங்கே பைன் ஊசிச்சருகின் மேல் நடந்து பாருங்கள், மெத்தை மாதிரி அமுங்கும். மூன்று காட்டுக்கும் ஒரே உத்தரவு போடுவதுதான் தப்பு. எந்தக் காட்டில், எந்த வாரத்தில், யார் எரிப்பது என்பதை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிடும் முன்பே அது முடிந்துவிட வேண்டும்.

மலைமாட்டுக்காரன்

நான் எழுதிப் பழக்கமில்லாதவன். எங்கே தீப்பிடித்தாலும் முதல் பழி எங்கள் மேல். புது புல் முளைக்கட்டும் என்று மாடு மேய்க்கிறவன் வைத்தான் என்பார்கள். அப்படிச் செய்தவர்களும் உண்டு, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மாடு தின்ற புல் எரியாது. 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலுக்குத் தடை, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கினார்கள். நாங்கள் இறங்கிவிட்ட இடத்தில் புல் இன்றைக்கு இடுப்பளவு. அதை யார் அறுக்கப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

நடைப்பயணி (சென்னை)

குரங்கணிக்குப் பிறகு என் வீட்டில் மலையேற்றப் பேச்சையே எடுக்க முடியாமல் இருந்தது. இப்போது அனுமதி உள்ள பாதைகளில் மட்டும், தீக்காலத்தைத் தவிர்த்துப் போகிறேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, துணி. நாங்கள் ஆசையாக வாங்கும் மலையேற்ற உடைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர், நைலான். சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். காட்டில் பருத்திதான் நல்லது. இதை என்னிடம் சொன்னவர் தீக்காயப் பிரிவில் வேலை பார்த்த செவிலியர் அக்கா. சொல்லும்போது அவர் முகம் போன விதத்தை நான் மறக்கவில்லை.

இரண்டு, செயற்கைக்கோள். இந்திய வன அளவைத் துறை தீ எச்சரிக்கையை இலவசமாகவே அனுப்புகிறது, பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். நான் தேனி மாவட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். இதைப் பார்த்ததும் எல்லாம் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 375 மீட்டர் துல்லியத்தில் படம் தரும் அந்தக் கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை மணி வாக்கிலும் இரவு ஒன்றரை மணி வாக்கிலும். மலையோரத்தான் அண்ணன் சொன்ன தீ மூன்று மணிக்குப் பிடித்தது. அது எச்சரிக்கையாக வருவதற்குள் அவர்கள் அணைத்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மேலே கோள் இருந்தாலும் காவல் கோபுரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

மலையோரத்தான் (போடி)

தம்பி, இது எனக்குப் புதுச் செய்தி. நன்றி. மாட்டுக்கார அண்ணன் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் நாங்கள் பிடித்துத் தப்பித்தது ஒரு மாட்டுத்தடத்தை. அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

வாட்சர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020 பிப்ரவரியில் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் கொட்டம்பத்தூரில் தீயணைக்கப் போன மூன்று வனக் காவலர்கள் அந்தத் தீயிலேயே இறந்தார்கள். செய்தி படித்த அன்றைக்கு எங்கள் பெரியவரின் ரப்பர் செருப்புதான் கண்ணுக்கு வந்தது. தோல் பூட்ஸ், பருத்திச் சட்டை, முதுகில் மாட்டும் தண்ணீர்த் தெளிப்பான், சருகு ஊதும் புளோயர், ஒரு வாக்கி டாக்கி. ஒரு பீட்டுக்கு, அதாவது வனத்துறை பிரித்து வைத்திருக்கும் ஒரு காவல் பகுதிக்கு, இவ்வளவு கிடைத்தால் போதும். புளோயர் ஒன்று இருந்தால், நாங்கள் ஆறு பேர் கூட்டிய கோட்டை ஒருவரே அந்த நேரத்துக்குள் ஊதி ஒதுக்கியிருப்பார்.

சோலைக்குருவி

கூடவே காப்பீடும், மாதம் தவறாத சம்பளமும். காற்றின் போக்கை வாசிக்கத் தெரிந்த ஒருவரை இழந்தால் அந்த அறிவை எந்த டெண்டரிலும் வாங்க முடியாது. அந்தப் பெரியவர் இப்போது எங்கே இருக்கிறார்?

மலையோரத்தான் (போடி)

வேலையை விட்டுவிட்டார், முழங்கால் போய்விட்டது. ஆனால் கூப்பிட்டால் வருகிறார். பொங்கல் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோப்பு எல்லையிலும் அதை ஒட்டிய பட்டா நிலங்களிலும் சருகு கூட்டிக் கோடு செதுக்கப் போகிறோம். காட்டு எல்லைக்கு உள்ளே அனுமதி இல்லாமல் போகமாட்டோம், அதற்குத் தனியாக ரேஞ்சரிடம் கேட்டிருக்கிறோம். பெரியவர் கட்டிலைத் தோப்பில் போட்டு உட்கார்ந்து சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வருகிறவர்கள் பருத்தித் துணி, மூடிய தோல் செருப்பு, மம்பட்டி அல்லது முள்வாரி, ரெண்டு லிட்டர் தண்ணீர் கொண்டு வாருங்கள். காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். சாப்பாடு எங்கள் வீட்டில்.

மலைமாட்டுக்காரன்

நானும் என் பையனும் வருகிறோம். பழைய தடம் எல்லாம் எனக்குத் தெரியும், காட்டுகிறேன்.