ஃபெதர்பெட் ஃப்ரேமில் ட்ரையம்ஃப் 650: கம்ப்ரஷன், பேலன்ஸ், எஞ்சின் பிளேட்

ட்ரைட்டன்61:
1961 ட்ரையம்ஃப் ப்ரீ-யூனிட் (எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனி) 650 எஞ்சினை நார்ட்டன் பைக்கின் வைட்லைன் ஃபெதர்பெட் ஃப்ரேமில் ஏற்றுகிறேன். கியர்பாக்ஸ் நார்ட்டன். கைவசம் 10.5:1 கம்ப்ரஷன் விகித ஃபோர்ஜ்டு பிஸ்டன், ரேஸ் கேம், இரண்டு 30 மி.மீ. ஆமல் கான்சென்ட்ரிக் கார்பரேட்டர் இருக்கின்றன. சாலையில் ஓட்டத்தான், ரேஸுக்கு இல்லை. 10.5 தாங்குமா? கிராங்க் பேலன்ஸுக்குக் கொடுக்கும்போது என்ன சதவீதம் சொல்ல வேண்டும்? எஞ்சினை ஃப்ரேமில் பிடிக்கும் எஞ்சின் பிளேட் எஃகா, அலுமினியமா?

டயல்கேஜ்:
சாலைக்கு 10.5 வேண்டாம். பிஸ்டன் பெட்டியில் அச்சடித்த எண்ணையும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். போர் 71, ஸ்ட்ரோக் 82 என்றால் ஒரு சிலிண்டருக்கு 324.6 சி.சி. பிஸ்டனை மேல் உச்சத்தில் நிறுத்தி, ரிங் ஓரத்தில் கிரீஸ் தடவி, பிளக் துளை மேலே வரும்படி எஞ்சினைச் சாய்த்து, ப்யூரெட்டில் மெல்லிய எண்ணெய் விட்டு நிரப்புங்கள். 34.2 சி.சி. பிடித்தால்தான் அது 10.5. 40.6 பிடித்தால் 9. பிளக் துளையின் மரைக்குள் ஏறிய எண்ணெயைக் கழித்துவிட வேண்டும்.

குறைக்க எளிய வழி சிலிண்டர் பிளாக்கின் அடியில் பிளேட் வைப்பது. 1 மி.மீ. உயர்த்தினால் ஏறக்குறைய 4 சி.சி. கூடும், 10.5 என்பது 9.5-க்கு இறங்கும். கேம் ஷாஃப்ட் கிராங்க்கேஸிலேயே இருப்பதால் புஷ்ராட் (கேமின் அசைவை மேலே ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பி) அந்த 1 மி.மீ. அளவுக்குக் குட்டையாகிவிடும். அட்ஜஸ்டரைத் திருகி இடைவெளியைச் சரிக்கட்டலாம், ஆனால் ராக்கரின் கோணம் கெடும். 1 மி.மீ.க்கு மேல் போனால் நீளமான புஷ்ராட் போடுங்கள். தடித்த செம்பு ஹெட் கேஸ்கெட் வைத்தும் குறைக்கலாம். அப்படிச் செய்தால் புஷ்ராட் குழாயின் சீல் நசுங்கும் அளவு மாறிவிடும். ப்ரீ-யூனிட்டில் எண்ணெய் கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது, எனவே சீலை மறுபடி அளந்து போடுங்கள்.

உயரக் கூம்பு பிஸ்டனில் இன்னொரு தொல்லை உண்டு. கூம்பு குறுக்கே நிற்பதால் தீ பரவத் தாமதமாகும், இக்னிஷன் அட்வான்ஸ் (பொறியை முன்கூட்டி விடுவது) கூடுதலாகக் கேட்கும். வெடி முன்கூட்டியே விழுந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். 9-க்கு அருகில் நிறுத்தி, நல்ல கேம் டைமிங் வைத்தால் சாலையில் அதுவே வேகமாக இருக்கும்.

ரேஸ் கேம் போட்டால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே எவ்வளவு என்று பிளாஸ்டிசின் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இன்லெட்டில் 1.5 மி.மீ., எக்ஸாஸ்டில் 2 மி.மீ. குறைந்தபட்சம் வேண்டும். முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது, 1 மி.மீ.யாவது மிச்சம் இருக்கட்டும். கேம் பினியனில் (கேமின் பல்சக்கரத்தில்) மூன்று கீவே (சாவிப் பள்ளம்) இருக்கும். டிகிரி டிஸ்க் வைத்து எது சரிவருகிறதோ அதில் பொருத்துங்கள். பல்லில் உள்ள குறியை மட்டும் வைத்து மூடிவிடாதீர்கள்.

எடைக்கல்:
பேலன்ஸ் சதவீதம் என்பது மேலும் கீழும் ஓடும் எடையில் எவ்வளவை கிராங்கில் ஈடுகட்டுகிறோம் என்பது; அதற்கு ஒரே சரியான எண் கிடையாது. இது 360 டிகிரி கிராங்க், இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும். அதிர்வை அழிக்க முடியாது, எந்தத் திசையில் விடுவது என்பதை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். சதவீதம் குறைந்தால் மேலும் கீழும் உலுக்கும், கூடினால் முன்னும் பின்னும். இறுக்கமாகப் பொருத்திய எஞ்சினுக்கு 70 முதல் 85 வரை போகிறார்கள். அதிக ஆர்.பி.எம்.மில் ஓட்டுபவர்கள் மேல்பக்கம் போவார்கள்.

எண்ணைவிட முக்கியமானது எடை. பழைய பிஸ்டனுக்குச் செய்த பேலன்ஸ், கனமான ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டதும் குறைந்துவிடும். பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின், சர்க்லிப் எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுங்கள். கனெக்டிங் ராடைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு முனை தராசிலும் மறுமுனை தொங்கலிலும் வைத்து இரு முனையையும் தனித்தனியே அளந்து கொள்ளுங்கள். சின்ன முனை மேலும் கீழும் ஓடும் எடையோடு சேரும், பெரிய முனை (பிக் எண்ட்) பேரிங் ஷெல்லோடு சேர்த்துச் சுழலும் எடை. உதாரணத்துக்கு, ஓடும் எடை 500 கிராம், சுழலும் எடை 350 கிராம், 70 சதவீதம் என்றால் பேலன்ஸ் பார்க்கும்போது ஒவ்வொரு கிராங்க் பின்னிலும் மாட்டும் எடை 350 + 350 = 700 கிராம்.

கிராங்கைக் கொடுக்கும் முன் ஸ்லட்ஜ் ட்ராப்பை (கிராங்கினுள் எண்ணெய் வண்டல் தேங்கும் குழாய்) சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஒற்றைத் துண்டு கிராங்கில் அந்தக் குழாயைப் பிடித்திருப்பது ஃப்ளைவீல் போல்ட்டில் ஒன்று. அதைக் கழற்றாமல் குழாயை இழுத்தால் வராது, கிழியும். குழாய் நிறைய வண்டல் இருந்தால் எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாது. அங்கே என்ன கம்ப்ரஷன் போட்டும் பயனில்லை.

ட்ரைட்டன்61:
ரொம்ப நன்றி. சிலிண்டருக்கு அடியில் 1 மி.மீ. பிளேட் போடுகிறேன். ஸ்லட்ஜ் ட்ராப் இன்னும் திறக்கவில்லை, கிராங்க் வெளியில்தான் இருக்கிறது.

பிளேட்வெட்டி:
எஞ்சின் பிளேட்: எஃகு என்றால் 6 மி.மீ., நல்ல அலுமினிய அலாய் என்றால் 8 முதல் 10. எதுவானாலும் துளையை ரீமர் போட்டு போல்ட்டுக்கு ஆடாமல் பொருத்துங்கள். அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலும் கொஞ்ச நாளில் துளை நீள்வட்டமாகிவிடும். ஹெட் ஸ்டெடியை (சிலிண்டர் ஹெட்டை ஃப்ரேமோடு பிடிக்கும் தாங்கி) அழகுக்காகத் தவிர்க்கிறார்கள், செய்யாதீர்கள், பிளேட்டும் டேங்க் மவுண்ட்டும் விரிசல் விடும்.

கியர்பாக்ஸ் போல்ட்டுக்கு ஸ்லாட் (நீளத் துளை) வேண்டும், எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்கு வரும் ப்ரைமரி செயினை இறுக்க அதுதான் வழி. செயின் நடுவில் 12 மி.மீ. ஆட்டம் வையுங்கள். எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டும் கிளட்ச் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று நேர் சட்டம் வைத்துப் பாருங்கள், வித்தியாசத்தை ஸ்பேசரில் சரிசெய்து, பிறகு பின் சக்கரத்துக்கு வாருங்கள். வரிசை மாறினால் இரண்டுமே தப்பும்.

30 மி.மீ. கார்பரேட்டர் பற்றி: 1961-இன் அசல் கார்பரேட்டர் துளை ஏறக்குறைய 27 மி.மீ. மேனிஃபோல்டைச் சாய்வாக அரைக்காமல் மாட்டினால் படி நிற்கும், அங்கே பெட்ரோல் துளிகள் தேங்கும். ஃபிளாஞ்ச் நட்டை ஓவராக இறுக்கினால் பாடி வளைந்து ஸ்லைடு மாட்டிக்கொள்ளும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எண்ணெய் டேங்கிலிருந்து வரும் குழாயும் திரும்பும் குழாயும் மாறாமல் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, டேங்குக்கு எண்ணெய் திரும்பும் வரை கிக்கரை மிதியுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் எண்ணெய் கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கும், அதை வடித்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். குழாயில் அடைப்பான் போட நினைத்தால் வேண்டாம். ஒருமுறை திறக்க மறந்தால் பிக் எண்ட் போய்விடும்.