கேசட்டிலிருந்து எடுத்த பாட்டுகளில் குரல் மட்டும் காணவில்லை: சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்கவில்லை

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 9.40

கல்லூரி விடுதியில் நாங்கள் ஐந்து பேர் ஒரே அறை. 1988-இல் படிப்பு முடிந்து பிரியும்போது எங்களில் ஒருவன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேசட் பதிந்து கொடுத்தான். டிடிகே டி-90. பாட்டுகளைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் 20 விநாடி காலி இடம் விடச் சொல்லியிருக்கிறான். டேப்பை வீணாக்குகிறாயே என்று கடைக்காரர் திட்டினாராம். பிறகு அந்தக் காலி இடங்களில், தன் அப்பாவின் டேப் ரெக்கார்டரில் போட்டு, அவனே பேசிப் பதிந்தான். அடுத்த பாட்டை ஏன் கேட்க வேண்டும், எந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம். இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீதின் அறிவிப்பைக் கேட்டு வளர்ந்தவன். எங்களுக்குள் அவன் பெயரே 'வானொலி'தான்.

கேசட் ஐந்து வீடுகளையும் சுற்றிவிட்டுக் கடைசியில் என்னிடம் தங்கிவிட்டது. போன மாதம் என் பழைய டேப் டெக்கைப் பழுது பார்த்து வாங்கினேன். முதல் பக்கத்தைக் கணினியில் ஏற்றி, பாட்டுப் பாட்டாக வெட்டி, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அங்கேதான் வம்பு தொடங்கியது.

நான்கு பேரில் இரண்டு பேர் 'அருமை' என்றார்கள். மூன்றாமவன், "வயலினும் புல்லாங்குழலும் கேட்கிறது, பாடுகிறவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டான். வானொலி இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். அவனுக்கு வந்த கோபம்தான் பெரிது. "என் பேச்சை எல்லாம் வெட்டிவிட்டாயா? அறையிலும் நான் பேசுகிற இடம் வந்தால் ஓட்டிவிடுகிறவன்தானே நீ!"

நான் ஒரு விநாடிகூட வெட்டவில்லை. அவன் பேசிய இடங்களில் இவர்கள் இரண்டு பேருக்கும் வெறும் இரைச்சல், நடுவே 'ஸ்... ஸ்...' என்று ஏதோ பாம்பு சீறுகிற மாதிரி ஒலி, அவ்வளவுதானாம். மூன்றாவது பாட்டு 1960-களின் பழைய பாட்டு. அது கிட்டத்தட்ட முழுவதுமே காணவில்லையாம். எனக்கோ இயர்போனில் எல்லாமே கேட்கிறது. ஒரே கோப்பு ஆளுக்கு ஒரு விதமாக எப்படி ஒலிக்கும்?

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யூஎஸ்பி ஒலிப்பெட்டி வழியாகக் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தேன். குழுவில் போட்டது 192 கேபிபிஎஸ் எம்பி3.


மழைக்காகிதம் | ஞாயிறு, இரவு 10.05

வாட்ஸ்அப் சுருக்கியிருக்கும். ஒலிக்கோப்பாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும்.


காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 10.30

அனுப்பிப் பார்த்துவிட்டேன். 7 மெகாபைட் இங்கிருந்து போனது, 7 மெகாபைட் அங்கே இறங்கியது. குரல் மட்டும் இறங்கவில்லை.


இரும்புக்கடை | ஞாயிறு, இரவு 11.12

இயர்போனின் பின் முழுமையாகச் செருகப்படவில்லை. இயர்போனைப் பாதி செருகிக் கேட்டுப் பாருங்கள், குரல் மறைந்து வாத்தியங்கள் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். தரை இணைப்பு விட்டுப்போனால் இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஒலிக்கும். பேருந்தில் பழைய வாக்மேன் கேட்டவர்கள் எல்லோருக்கும் இது பழக்கம்.


காவிரிக்கரை | திங்கள், காலை 6.50

உங்கள் வர்ணனை அவர்கள் சொல்வதோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பின் பாதி செருகியிருக்குமா? அதுவும் வானொலி இயர்போனே மாட்டுவதில்லை.


நாலாவதுதெரு | திங்கள், காலை 7.15

அதைத்தான் கேட்க வந்தேன். யார் யார் எதில் கேட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே.


காவிரிக்கரை | திங்கள், பிற்பகல் 1.20

விசாரித்துவிட்டேன். குரல் கேட்டவர்களில் ஒருவன் இயர்போனில் கேட்டிருக்கிறான், இன்னொருவன் காரில். குரல் கேட்காதவர்களில் ஒருவன் ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில். வானொலி சமைத்துக்கொண்டே போனைத் திண்டில் சாய்த்து வைத்துக் கேட்டிருக்கிறான்.

காரில் கேட்டவன் இன்னொன்றும் சொன்னான். குரல் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லையாம், தபேலாவும் மெலிந்து கிடக்கிறதாம். அவன் எதற்கும் குறை சொல்கிறவன் என்பதால் முதலில் நான் பொருட்படுத்தவில்லை.


செம்பருத்தி | திங்கள், பிற்பகல் 2.02

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது, ஒரு கேள்வி மட்டும். பாட்டுக்கு முன்னால் அவர் என்னதான் பேசியிருக்கிறார்? எங்கள் தோழிகள் குழுவில் ஒரு நாளைக்குப் பத்துச் சுட்டி வருகிறது. 'கேட்டே ஆக வேண்டும்' என்ற ஒரு வரியோடு சரி. நான் ஒன்றையும் திறப்பதில்லை.


காவிரிக்கரை | திங்கள், மாலை 5.45

நான்காவது பாட்டுக்கு முன்னால் பேசியதை அப்படியே எழுதுகிறேன்: "இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். ஒரே ஒரு வயலின் மட்டும் தனியாக வரும். அது முடியும்வரை அறையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது." இதைச் சொல்பவன் யார் என்று தெரிந்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும்.

ஏழாவது பாட்டுக்கு ரெக்கார்டிங் சென்டர்காரர் 20 விநாடி விடாமல் பத்தோ பன்னிரண்டோதான் விட்டிருக்கிறார். இவன் அது தெரியாமல் முழுதும் பேசித் தீர்க்க, பாட்டின் தொடக்கம் மூன்று விநாடி அழிந்துவிட்டது. எங்கள் ஐந்து பேருக்கும் அந்தப் பாட்டு நடுவிலிருந்துதான் தொடங்கும். வேறு எங்காவது முழுதாகக் கேட்டால் முன்னால் வரும் வீணையை யாரோ புதிதாக ஒட்டியது போலத் தோன்றும்.


வால்வுரேடியோ | திங்கள், இரவு 8.30

தம்பி, வாட்ஸ்அப்பையும் பின்னையும் விடு. டெக்கைப் பழுது பார்த்தபோது ஹெட், அதாவது டேப்பை உரசி ஒலியைப் படிக்கும் பகுதி, அதை மாற்றினார்களா?


காவிரிக்கரை | திங்கள், இரவு 8.41

ஆமாம் ஐயா, பழைய ஹெட் தேய்ந்துவிட்டது என்று புதிது போட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?


வால்வுரேடியோ | திங்கள், இரவு 9.25

நாற்பது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தவன். இதே தவற்றை நானும் இரண்டு மூன்று முறை செய்திருக்கிறேன்.

ஸ்டீரியோ என்றால் இடது, வலது என்று இரண்டு தனி ஒலி, மோனோ என்றால் ஒரே ஒலி. ஸ்டீரியோ ஹெட்டின் பின்னால் நான்கு முனைகள் இருக்கும், ஒரு பக்கத்துக்கு இரண்டு. ஒரு பக்கத்து வயர்கள் மட்டும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டால் டெக் பாடும், ஒலி அளவு காட்டும் ஊசியும் ஆடும், எந்தக் குறையும் தெரியாது. ஆனால் இடது பக்க அலை மேலே ஏறும்போது வலது பக்க அலை கீழே இறங்கும். இயர்போனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் தப்பித்துவிடும். ஒற்றை ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டித்தான் ஒலிக்கும். ஒரே கதவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சம பலத்தோடு இரண்டு பேர் தள்ளினால் கதவு அசையுமா? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது எதுவோ அது அழிந்துவிடும்.

ஸ்டீரியோ பாட்டில் குரலைப் பெரும்பாலும் நடுவில்தான் வைப்பார்கள், அதாவது இரண்டு பக்கமும் சமமாக. அது போய்விட்டது. ஓரங்களில் வைத்த வயலின் தப்பியது. உன் மூன்றாவது பாட்டு மோனோ காலத்துப் பாட்டு, அதில் ஓரமே கிடையாது, முழுதும் போய்விட்டது. உன் நண்பர் பேசியதும் அப்பாவின் டேப் ரெக்கார்டரில். அது மோனோ ரெக்கார்டராகத்தான் இருந்திருக்கும். மோனோ ரெக்கார்டர் இரண்டு தடங்களின் அகலத்தையும் சேர்த்து ஒரே தடமாகப் பதியும். அவர் பேச்சும் அதனால்தான் போனது. அவர் கோபம் நியாயம்தான், ஆனால் வெட்டியவன் நீ இல்லை.

சீறல் மட்டும் ஏன் மிஞ்சியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் பிடித்த இடம். கேசட்டில் டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அந்த டேப்பில் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு நீளம்தான். அன்றைய ரெக்கார்டரின் ஹெட்டும் இன்றைய உன் ஹெட்டும் ஒரு மயிரிழை சாய்வில் வேறுபட்டால் போதும், அவ்வளவு சின்ன அலைகள் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் வராது. நேருக்கு நேர் வராததால் அழியவும் அழியாது. தடித்த ஒலி எல்லாம் போய், 'ச'வும் 'ஸ'வும் மட்டும் பேய் மாதிரி நிற்கும்.

சோதிக்க இரண்டு வழி. போன் அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் 'மோனோ ஒலி' என்று ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டு இயர்போனில் கேள். இல்லையென்றால் ஆடாசிட்டியில் நண்பர் பேசுகிற இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்.


காவிரிக்கரை | திங்கள், இரவு 10.10

ஐயா! 'மோனோ ஒலி'யைத் தட்டினேன், காதுக்குள்ளிருந்து அவன் ஆளே மறைந்துவிட்டான். அதை அணைத்தால் வருகிறான், போட்டால் போகிறான். பத்து முறை செய்து பார்த்தேன், என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆடாசிட்டியிலும் பார்த்தேன். 'வணக்கம்' என்கிற இடத்தில் மேல் வரியில் மேடு இருக்கும் இடமெல்லாம் கீழ் வரியில் பள்ளம். குளக்கரைக் கோபுரமும் தண்ணீரில் அதன் நிழலும் மாதிரி. இனி என்ன செய்வது?


நாலாவதுதெரு | திங்கள், இரவு 10.32

இது எளிது. எம்பி3-ஐத் தொடாதீர்கள், மறுபடி சுருக்கினால் தரம் இன்னும் இறங்கும். முதலில் பதிந்த, சுருக்காத வேவ் கோப்பு இருக்கிறதா? அதைத் திறந்து, டிராக்கின் பெயரை அழுத்தினால் வரும் பட்டியலில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டிராக்' கொடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில், அலையைத் தலைகீழாகத் திருப்பும் 'இன்வர்ட்' கொடுங்கள். பிறகு மேல் டிராக்கின் பட்டியலில் 'மேக் ஸ்டீரியோ டிராக்'. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் சரிதான், இரண்டையும் திருப்பிவிட்டால் பழைய கதைதான்.


காவிரிக்கரை | செவ்வாய், காலை 7.05

வேவ் இருக்கிறது, ஒரு பக்கமே 470 மெகாபைட்டுக்கு மேல் வருகிறதே என்று அழிக்க இருந்தேன், நல்ல வேளை. திருப்பிவிட்டேன். போன் ஸ்பீக்கரில் முதல் முறையாக எல்லாம் கேட்கிறது. தபேலாவும் திரும்பி வந்துவிட்டது. காரில் கேட்டவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒரு சின்னக் குறை. பாட்டுகள் தெளிவாக இருக்கின்றன. வானொலி பேசும் இடங்கள் மட்டும், போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மந்தமாக ஒலிக்கின்றன. இயர்போனில் அந்த அளவுக்கு மந்தம் இல்லை.


வால்வுரேடியோ | செவ்வாய், காலை 9.40

அதே மயிரிழைச் சாய்வுதான். திருப்புவதற்கு முன் அழியாமல் மிஞ்சிய சீறல், திருப்பிய பிறகு கூட்டும்போது அழிகிறது. பாட்டைப் பதிந்தது கடை மெஷின், பேச்சைப் பதிந்தது வீட்டு மெஷின். இரண்டுக்கும் சாய்வு வேறு. ஒன்றுக்குச் சரி செய்தால் மற்றது கெடும்.

அதனால் இரண்டு முறை பதிவு செய். ஹெட்டின் ஒரு பக்கத்தில் சின்னத் திருகு இருக்கும், அது நகராமலிருக்கச் சாயம் தடவியிருப்பார்கள். இப்போது இருக்கும் நிலையைப் பேனாவால் குறித்துக்கொள். காந்தமில்லாத திருப்புளியால், 'மோனோ'வில் கேட்டுக்கொண்டே, கால் சுற்றுக்குள் மெதுவாகத் திருப்பு. அவர் 'ஸ்வரம்' என்றோ 'சரணம்' என்றோ சொல்லும்போது 'ச' கூர்மையாக வரும் இடத்தில் நிறுத்து. பேச்சை மட்டும் அந்த நிலையில் பதிந்துவிட்டு, குறிக்குத் திரும்பி வா. இரண்டையும் ஆடாசிட்டியில் கோத்துக்கொள்.

டெக்கையும் அந்தக் கடைக்கே எடுத்துப்போய் ஒரு பக்கத்து வயர்களை மாற்றச் சொல். சண்டை போடாதே, இரண்டு நிமிட வேலை. வயரை மாற்றிய பிறகு பதிகிறவற்றுக்கு 'இன்வர்ட்' கொடுக்கக் கூடாது, நினைவிருக்கட்டும்.


காவிரிக்கரை | சனி, இரவு 9.15

வயரை மாற்றித் தந்துவிட்டார்கள், காசு வாங்கவில்லை. பேச்சைத் தனியாகப் பதிந்து கோத்து, ஆவணமாகவே அனுப்பினேன்.

வானொலியிடமிருந்து ஒரு மணி நேரம் பதிலே இல்லை. பிறகு வந்தது: "ஐந்தாவது பாட்டுக்கு இசையமைத்தவர் பெயரைத் தவறாகச் சொல்லியிருக்கிறேன். இத்தனை ஆண்டு ஒருவனாவது சொன்னீர்களா? அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடு." முடியாது என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம். காரில் கேட்டவன் மட்டும் வெட்டலாம் என்கிறான்.

செம்பருத்தி அம்மா, பட்டியலைப் பேச்சோடு சேர்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், முடிந்ததும் இங்கேயே போடுகிறேன். வால்வுரேடியோ ஐயா, இரண்டாவது பக்கம் தொடங்கலாம் என்று கேசட்டை வெளிச்சத்தில் பார்த்தேன். டேப் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி மாதிரி பூத்திருக்கிறது. நாளை ஓட்டலாமா?


வால்வுரேடியோ | சனி, இரவு 9.22

ஓட்டாதே! அது பூஞ்சை. ஹெட்டில் ஒட்டி மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். கேசட்டின் ஓடு திருகு போட்டதா ஒட்டியதா என்று முதலில் பார்த்துச் சொல்.