மருந்துக் கடைப்பிடி: அட்ஹியரன்ஸுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நோயாளி மருந்தை முறைப்படி எடுத்துக்கொள்வதைக் குறிக்கும் ‘அட்ஹியரன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக வந்திருக்கும் இரண்டு பரிந்துரைகளையும் பார்த்தேன். ‘மருந்து ஒட்டுதல்’ எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் எழுதுவது குடல் அழற்சி நோயாளிகளுக்கான கையேடு. அதில் ஒரு வகையான கிரோன் நோய்க்காகக் குடலை வெட்டித் தைத்தவர்களுக்கு வயிற்றுக்குள் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. ‘ஒட்டுதல் குறைவு’ என்று படித்தால் அவர்கள் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வார்கள்.

‘மருந்து இணக்கம்’ பரவாயில்லை. ஆனால் இரண்டு மருந்துகளை ஒரே பாட்டிலில் கலக்கலாமா என்று சொல்லவும் ‘இணக்கம்’ வேண்டும். தவிர, அது காம்ப்ளையன்ஸுக்குத்தான் பொருந்தும். டாக்டர் சொன்னபடி கேட்பது காம்ப்ளையன்ஸ். நோயாளியும் ஒப்புக்கொண்டதன்படி நடப்பது அட்ஹியரன்ஸ். உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கை இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்கிறது.

என் பரிந்துரை ‘மருந்துக் கடைப்பிடி’. பழைய தமிழ் நூல்களில் அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று சொல்லும் நாற்குணத்தில் வருவதுதான். ‘கொண்ட பொருள் மறவாமை’ என்று அதற்கு உரை சொல்வார்கள். (ஆடவர்க்கு என்று வைத்த குணம், நமக்கு அந்த வரம்பு வேண்டாம்.) இந்த நோயில் சிக்கலே மறவாமையில்தான் இருக்கிறது. இன்னொரு வகையான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி) அடங்கிவிட்டால் ரத்தப்போக்கு இல்லை, வலி இல்லை. மருந்தை ஞாபகப்படுத்த உடம்பில் ஒன்றுமே இருக்காது. என் தங்கை அப்படித்தான் “நல்லாத்தானே இருக்கேன்” என்று, அழற்சியை அடக்கிவைக்கும் மருந்தான மெசலமைனை விட்டாள். மூன்றாம் மாதம் மறுபடி ரத்தம். அன்று அவள் முகம் இருந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நோய் அடங்கிய 99 பேரைப் பின்தொடர்ந்து 2003-இல் வந்த ஆய்வும் இதையே காட்டியது: எழுதிக்கொடுத்த மெசலமைனில் 80 விழுக்காட்டுக்கும் குறைவாக எடுத்தவர்களுக்கு, ஒழுங்காக எடுத்தவர்களைவிட நோய் திரும்பும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல்.

வினையாக்கவும் எளிது: மருந்தைக் கடைப்பிடித்தார், கடைப்பிடிக்கவில்லை. அளவு சொல்லும்போது ‘கடைப்பிடிப்பு விழுக்காடு’ எனலாம். எத்தனை மாதம் விடாமல் எடுத்தார் என்பது வேறு அளவு. அதற்கு ‘மருந்துத் தொடர்ச்சி’ போதும்.

எதிர்ச்சொல்லில்தான் எனக்குத் தயக்கம். ‘கடைப்பிடியாமை’ என்றால் மறந்து விட்டவரும், பக்கவிளைவுக்கோ செலவுக்கோ பயந்து நிறுத்தியவரும் ஒரே கூடையில் விழுகிறார்கள். இருவருக்கும் செய்யவேண்டிய உதவி வேறு வேறு. ‘மறதி விடுபாடு’, ‘அறிந்த விடுபாடு’ என்று பிரிக்கலாமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடலாம்.