ரத வீதியில பழைய வீடுகளை இடிக்கத் தடை வேணுமா?

வாகையடி_வாசி:
போன வாரம் திருநெல்வேலி டவுனுல மேல ரத வீதி வழியா நடந்து போனேன். கல்தூண் வச்ச தார்சாவோட (முன்பக்கத் தாழ்வாரம்) நின்ன ஒரு பழைய வீடு தரைமட்டமாக் கெடக்கு. தூண் நாலையும் ஓரமாச் சாய்ச்சு வச்சிருக்காங்க. தேக்கு உத்தரத்தை லாரியில ஏத்திக்கிட்டு இருந்தாங்க. சின்ன வயசுல ஆனித் தேரோட்டத்துக்கு எங்க ஆச்சி என்னை உக்கார வச்ச திண்ணை அது. மனசு ஆறல.

வெளியூர்ச் சொந்தம் வந்தா என்ன காட்டுதோம்? நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்துத் தூணைத் தட்டி சுரம் கேக்கச் சொல்லுதோம். தாமிர சபையோட மரவேலையைக் காட்டுதோம். சுவாமி கோயிலையும் அம்பாள் கோயிலையும் சேர்க்கிற சங்கிலி மண்டபம், 1647-ல வடமலையப்ப பிள்ளையன் கட்டினதுன்னு பெருமையாச் சொல்லுதோம். வெளிய வந்ததும் நேரா அல்வாக் கடை. கோயிலைச் சுத்தி நாலு வீதி இருக்கே, அதை நின்னு பாருங்கன்னு யாரும் சொல்லுறதில்ல. அதுதான் இந்த ஊருக்கே முற்றம். தேர் போக வேண்டிய அகலத்துக்கு வீதி, வீதியை விட உசரமாத் திண்ணை, திண்ணைக்குப் பின்னால நடை, பட்டாசல் (கூடம்), ரெண்டாங்கட்டு, புறவாசல். தேரும் வீடும் ஒண்ணையொண்ணு பாத்துக் கட்டினது. நாலு ரத வீதியிலயும் பழைய முகப்பை இடிக்கத் தடை வேணும். இதுதான் என் கருத்து.

தெற்குரதவீதி_கடைக்காரன்:
அண்ணாச்சி, உங்க வருத்தம் புரியுது. எங்க வீடும் ரத வீதிதான். தாத்தா சொத்து, இப்ப அஞ்சு பங்கு. ஐப்பசி மழைக்கு ரெண்டாங்கட்டுல மூணு அண்டா வைக்கோம். முன்பக்கத்தைக் கடைக்கு விட்ட வாடகையிலதான் எங்க சித்தி மருந்து வாங்குதாங்க. தடை போடணும்னு எழுதுறது ஒரு வரி. ஒழுகுத தட்டட்டிக்கு (மொட்டை மாடித் தளம்) யார் துட்டு குடுப்பா? கோயிலுக்கு அறநிலையத்துறை இருக்கு. எங்க வீட்டுக்கு நாங்க அஞ்சு பேர்தான். அதுலயும் ரெண்டு பேரு சென்னையில, ஒருத்தர் துபாயில.

இன்னொண்ணு. மணி மண்டபமும் எங்க பட்டாசலும் ஒண்ணா? அது அரசர் காலத்துச் சிற்பம். இது குடும்பம் பெருகப் பெருக ஆள் ஆளுக்கு மாத்திக் கட்டின வீடு. எங்க தார்சாவுல பாதியைப் பெரியப்பாவே மறிச்சு அறை ஆக்கிட்டாரு. இதுல எதைப் பழசுன்னு காப்பாத்தச் சொல்லுதீங்க?

பாளை_மேற்குவாசல்:
டவுன்காரங்க ரெண்டு பேருக்கும் பாளையங்கோட்டையைக் காட்டுதேன். பேருலயே கோட்டை இருக்கு, கோட்டை எங்கே? மேற்கு வாசல் மேடை போலீஸ் ஸ்டேஷன்ங்கிற பேருல தப்பிச்சுது. 1801-ல ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிச்ச ஊரு இது. இன்னைக்குப் பிள்ளைங்களுக்கு மதில் இந்தப் பக்கம் வந்துச்சுன்னு விரலால காத்துல கோடு போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கு. அதே பாளையில 1785-ல குளோரிந்தாங்கிற அம்மா எழுப்பின கிறிஸ்தவக் கோயிலும், 1826-ல வந்த ஊசிக் கோபுரம் தேவாலயமும் நிக்குது. ஏன்? இன்னும் அங்க ஆராதனை நடக்குது, அதான். வாசலும் போலீஸ் ஸ்டேஷனா ஆனதாலதான் மிஞ்சிச்சு. ஆள் புழங்குற கட்டடம் நிக்கும். தடை மட்டும் போட்டா பூட்டித்தான் போடுவாங்க. பூட்டின வீட்டை ஆலங்கன்னு பாத்துக்கிடும். அதனால கடைக்காரர் பக்கம்தான் எனக்கு நியாயம் கூடத் தெரியுது.

வாகையடி_வாசி:
புழங்கணும்னு சொன்னதை ஒத்துக்கிடுதேன். ஆனா கடை நடத்த முகப்பை இடிக்கணும்னு யார் சொன்னது? கல்தூணுக்கு நடுவுல ஜவுளி விக்க முடியாதா? முன்னால தகரத்தை அடிச்சு, அதுக்கு மேல ரெண்டாள் உசரத்துக்குப் பிளக்ஸ் கட்டினாத்தான் யாவாரம் ஆகும்னு நம்மளே முடிவு பண்ணிட்டோம். மதுரையில மீனாட்சி அம்மன் கோயிலைச் சுத்தி 1 கிலோமீட்டருக்குள்ள 9 மீட்டருக்கு மேல கட்டக் கூடாதுன்னு விதி இருக்கு. அது கோபுரம் தெரியுறதுக்கு. வீதியோட முகத்தை அந்த விதி பாக்கல. மூணு மாடிக்குக் கீழயே ஒரு தெருவைக் கண்ணாடியும் அலுமினியத் தகடுமா மாத்திப்புடலாம். நம்ம ஊருல அது கண் முன்னால நடக்குது.

கொத்தனார்_மகன்:
ஒழுகுத தட்டட்டியைப் பத்தி மட்டும் பேசுதேன். எங்கப்பா நாப்பது வருசம் கொத்து வேலை. கடைக்காரரே, உங்க தட்டட்டி மேல எத்தனை தடவை சிமெண்ட் போட்டீங்க? பழைய தட்டட்டி கட்டக்குத்து வேலை. தேக்குக் கட்டைக்கு மேல சின்னச் செங்கலைக் குத்தா நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்து கொடுத்து, மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் கருப்பட்டித் தண்ணி தெளிச்சு நாள்கணக்குல பலகையால தட்டுவாங்க. சுவரும் அப்படித்தான். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியவும் விடும். அதுமேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே தங்கி செங்கல் மாவா உதிரும். வெடிச்ச இடத்துல தண்ணி இறங்கி உத்தரத்தோட தலை உளுத்துப் போகும். அப்புறம் "பழைய வீடு, தாங்காது"ன்னு இடிக்கோம். வீட்டு மேல குத்தமில்ல, வைத்தியம் தப்பு.

தெற்குரதவீதி_கடைக்காரன்:
ரெண்டு தடவை போட்டோம். நீங்க சொன்ன மாதிரியேதான் ஆச்சு, மறைக்க மாட்டேன். ஆனா இப்ப அந்த வேலை தெரிஞ்ச ஆள் டவுனுல எத்தனை பேரு? உங்கப்பாவே இன்னைக்கு கான்கிரீட்தானே போடுதாரு?

கொத்தனார்_மகன்:
ஆமா. கேக்க ஆளில்லாததால விட்டுட்டாரு. கை மறக்கல.

வாகையடி_வாசி:
துட்டு விசயத்துக்கு வாரேன். புதுச்சேரியில வைசியாள் வீதின்னு ஒண்ணு. நம்ம வீதி மாதிரியே திண்ணையும் தாழ்வாரமும் வச்ச தமிழ் வீடுகள். அங்க ஒரு வீட்டை மட்டும் தொடாம, தெரு முகப்பையே வரிசையாச் சீராக்கினாங்க. செலவை வீட்டுக்காரங்க தலையில மட்டும் கட்டல, திட்டத்துல இருந்தும் பங்கு போச்சு. 2008-ல யுனெஸ்கோவோட ஆசிய-பசிபிக் விருது கிடைச்சுது. இங்கயும் தடையோட சேத்து பாதிச் செலவு கேப்போம். தடை மட்டும்னு முதல்ல எழுதினது என் தப்பு.

பாளை_மேற்குவாசல்:
இது சரி. சுலோச்சன முதலியார் பாலத்தை நினைச்சுப் பாருங்க. 1843-ல, கலெக்டர் ஆபீசுல சிரஸ்தாரா இருந்தவரு கிட்டத்தட்ட 50,000 ரூவாய் கைக்காசு போட்டு, தாமிரபரணிக்குக் குறுக்கே 11 வளைவு வச்சுக் கட்டினாரு. பின்னால போக்குவரத்து கூடினப்போ அகலப்படுத்தினாங்க, இப்பப் பக்கத்துல இன்னொரு பாலமும் வந்தாச்சு. பழசை யாரும் பேத்து எடுக்கல. 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பாத்துட்டு நிக்குது. ரத வீதி வீட்டுக்கும் அந்த யோசனைதான். முன்கட்டை விட்டுட்டு, ரெண்டாங்கட்டுக்குப் பின்னால தேவைக்குக் கட்டிக்கிடட்டும்.

தெற்குரதவீதி_கடைக்காரன்:
பின்கட்டுல கட்ட விட்டு, முன்கட்டுக்குப் பாதிச் செலவுன்னு யாராவது எழுத்துல குடுத்தா நான் இடிக்க மாட்டேன். வாய்ப்பேச்சுக்கு நிறுத்த முடியாது. தை பிறந்ததும் வேலை தொடங்கணும்னு அண்ணன் தம்பிக்குள்ள பேசியாச்சு.

வாகையடி_வாசி:
தைக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரலாமா? தார்சா, தூண், நிலைக்கதவு, உத்தரம் எல்லாத்தையும் அளந்து படம் எடுத்துக்கிடுதேன். மனு எழுதினாலும் அந்த அளவு வேணும்.

கொத்தனார்_மகன்:
நானும் அப்பாவைக் கூட்டிட்டு வாரேன். தட்டட்டியை ஒரு மூலையில கொத்திப் பாத்தா உத்தரம் தாங்குமா தாங்காதான்னு சொல்லிடுவாரு.

தெற்குரதவீதி_கடைக்காரன்:
வாங்க அண்ணாச்சி, ரெண்டு பேரும் வாங்க. பெரியப்பா மறிச்ச அறைச் சாவி மட்டும் சென்னையில இருக்கு. அதுக்குள்ளதான் ரெண்டு தூண் நிக்குது. கேட்டுப் பாக்கேன்.